மிருதங்கம் செய்பவரின் காது

“நம் கத்துது.” “சாப்பு அடைக்குது.” “தொப்பியில கும்கி எழும்ப மாட்டேங்குது.” “கார்வை பத்தலை, தட்டினதும் செத்துப்போயிடுது.”

மயிலாப்பூரில் மிருதங்கம் செய்பவரின் பட்டறை எதிலாவது அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இப்படிப்பட்ட புகார்கள் வரிசையாகக் காதில் விழும். எந்தப் புகாருக்கும் அளவு கிடையாது. எங்கே பழுது, என்ன பழுது என்று பல சமயம் வாசிக்கிறவருக்கே சொல்லத் தெரியாது. கைக்குச் சுகமாக இல்லை என்பது மட்டும் தெரியும். செய்பவர் அதை முழுக்கக் கேட்டுக்கொள்கிறார். வாத்தியத்தை மடியில் சாய்த்து விளிம்பில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, பிறகு சுற்றிலும் கண்ணுக்குக் கண் ஒரு தட்டு. “குச்சி நகர்ந்திருக்கு சார், அதான்” என்கிறார். அல்லது, “கரணை நடுவுல பொருக்கு விட்டிருக்கு, ரெண்டு சுத்து எடுத்துட்டுப் போட்டுடலாம்.” வந்தவர் மனக்குறையைச் சொன்னார். இவர் அதைத் தோலிலும் வாரிலும் கரணையிலும் இருக்கிற ஒரு பழுதாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

இதை நான் பெரிய கலையாகவே மதிக்கிறேன். ஒரு பொருளைச் செய்து விற்றவர் அந்தப் பொருளுக்குப் பின்னால் எத்தனை காலம், எவ்வளவு அக்கறையோடு நிற்கிறார் என்பதை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அப்படி எடைபோட்டால் சென்னையில் மிருதங்கம் செய்பவர்களுக்கு இணையாக யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை. கச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் ராகத்தைப் பற்றி எழுதுகிறார்கள், தனி ஆவர்த்தனத்தில் விழுந்த மோராவைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த மோரா விழுந்த தோலை அன்று மத்தியானம் யார் சரிசெய்து கொடுத்தார் என்பதை எழுதுவதில்லை.

இந்தத் தொழிலில் விற்பனையைவிடச் செப்பனிடுதல் முக்கியமாக இருப்பதற்கு வாத்தியத்தின் அமைப்பே காரணம். மிருதங்கத்தின் மர உடலைக் ‘கட்டை’ என்பார்கள். நல்ல பலாக் கட்டை, அதுவும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவாக இருந்தால் விசேஷம். கீழே போட்டு வெடிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் அது ஓர் ஆயுளுக்கும் மேல் வரும். தாத்தா வாசித்த கட்டையில் பேரன் வாசிப்பது மயிலாப்பூரில் அதிசயமே இல்லை. ஆனால் கட்டையின் இரு பக்கமும் இருக்கிற தோலுக்கு அந்த ஆயுள் கிடையாது. விரல் படப்பட, வலது கைப் பக்கமான வலந்தலை தேயும், கரணை உதிரும், வார் தளரும். வாங்குவது ஒருமுறை. அதற்குப் பிறகு செய்தவரிடம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழி செய்பவருக்கும் இல்லை, வேறு ஆளைத் தேடி ஓடும் வழி வாசிப்பவருக்கும் அவ்வளவு சுலபமில்லை. வித்வானும் செய்பவரும் ஒருவரையொருவர் பல வருஷங்களுக்குப் பொறுத்துக்கொண்டாக வேண்டும்.

வலந்தலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மேலே வளையமாக வெட்டி எடுத்த வெட்டுத்தட்டு. அதன் அடியில் நாதம் தருகிற கொட்டுத்தட்டு. அதற்கும் உள்ளே இன்னொரு தோல் வளையம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பின்னல். இந்த முழுத் தொகுதிக்கும் ‘மூட்டு’ என்று பெயர். பின்னலைச் சுற்றிப் பதினாறு கண்கள். அவற்றின் வழியே வார் இறங்கி இடந்தலை மூட்டுக்குப் போய்த் திரும்புகிறது. மாடு, எருமை, ஆடு என்று மூன்று விலங்குகளின் தோல் ஒரே வாத்தியத்தில் சேர்கிறது. வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் நடுவே மெல்லிய குச்சித் துண்டுகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம், கல் நொய்யைத் தூவினால் கப்பி மிருதங்கம். இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்குக் குச்சியின் ரீங்காரம்தான் பிடிக்கும். தம்பூராவின் ஜீவா நூல் தரும் ஓசை போல அது ‘நம்’மின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்.

நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்தான் கரணை. பட்டறையில் பெரும்பாலும் ‘சாதம்’ என்பார்கள், அதைப் பூசுவதை ‘சாதம் போடறது’ என்பார்கள். வடித்த சோற்றைக் குழைத்து, இரும்புச் சத்துள்ள ஒருவகைக் கருப்புக் கல்லின் பொடியோடு பிசைந்து செய்கிற பசை அது. இந்த வட்டம் அங்கே ஏன் இருக்கிறது என்பதை விளக்க ஒரு பௌதிக மேதை வேண்டியிருந்தது. சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். வெறும் தோலைச் சீராக இழுத்துக் கட்டித் தட்டினால் எழுகிற மேல்சுரங்கள் ஒன்றோடொன்று கணக்கில் சேராது. அதனால் அந்த ஓசைக்கு இதுதான் சுருதி என்று அறுதியிட முடியாது. நடுவில் கரணையின் கனத்தை ஏற்றியதும் அந்த மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்ற ஒழுங்குக்குள் வந்துவிடுகின்றன. தந்தி வாத்தியத்துக்கு இயல்பாக இருக்கிற குணம் தோலுக்கும் வந்துவிடுகிறது. பாடகரின் சட்ஜத்தோடு மிருதங்கம் சேர்ந்து நிற்பது இதனால்தான். இந்த அமைப்பைக் கண்டவர்களின் செவி ஞானத்தை ராமன் மனதாரப் பாராட்டியிருக்கிறார்.

ராமன் விளக்கியது, கரணை இருந்தால் என்ன நடக்கும் என்பதை. எவ்வளவு கரணை, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, யாருடைய கைக்கு எத்தனை சுற்று என்பதையெல்லாம் பட்டறையில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு பட்டறையில் ஒரு மத்தியானம் முழுக்க நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மந்தைவெளியிலிருந்து ஒரு பெண் தன் மிருதங்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். கல்லூரி மாணவி, மேடை ஏற ஆரம்பித்திருந்த சமயம். ‘தீம்’ என்ற சொல் தனக்குத் திருப்தியாக வரவில்லை என்றாள். செய்பவர் முதலில் வாத்தியத்தைத் தொடவில்லை. “வாசி பாப்பா, கேக்கறேன்” என்றார். அவள் ஆதி தாளத்தில் கொஞ்ச நேரம் வாசித்தாள். அவர் பார்வை வாத்தியத்தின் மேல் இல்லை, அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது. பிறகுதான் வாத்தியத்தை வாங்கிக்கொண்டார்.

பழைய கரணையைச் சுரண்டி எடுத்தார். வெறும் சோற்றுப் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு பிடிமானம் கொடுத்தார். அதன்மேல் கருப்புப் பசையில் ஒரு சிட்டிகை. கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகப் பரப்பினார். வழவழவென்று தேய்ந்துபோன ஒரு கல்லை எடுத்து அதன்மேல் தேய்க்கத் தொடங்கினார். முதலில் ஈரமான சத்தம். தேய்க்கத் தேய்க்க ஈரம் வற்றிச் சத்தம் உலர்ந்துகொண்டே வந்தது. பசை காய்ந்துவிட்டதா என்று அவர் கையால் தொட்டுப் பார்க்கவே இல்லை. கல்லின் சத்தம் மாறியதும் நிறுத்தினார். ஒரு தட்டு. அடுத்த சிட்டிகை, முன்னதைவிடச் சற்றுச் சின்ன வட்டம். மறுபடி கல், மறுபடி ஒரு தட்டு. இப்படி வட்டத்துக்குள் வட்டமாக ஏறிக்கொண்டு போனது. நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவுமாகக் கரணை உருண்டு எழுந்தது. காயும்போது அதன் மேற்பரப்பில் முடி இழை போன்ற நுண்ணிய வெடிப்புகள் தாமாகவே விழுந்தன. அந்த வெடிப்புகள் வேண்டும். இல்லாவிட்டால் கரணை ஒரே பாளமாக இறுகித் தோலை அசையவிடாது.

ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய மகன், “இன்னும் ரெண்டு சுத்து தாங்கும்பா” என்றான். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். “தாங்கும். தீமும் நல்லாக் கேக்கும். ஆனா பாப்பாவுக்குக் கை லேசு. கனம் ஏத்திட்டா அது அடிக்கிறது எழும்பாது. எழும்பணும்னு ஓங்கி அடிக்கும், நாலு மாசத்துல மணிக்கட்டு போயிடும்.”

அந்தப் பெண் கேட்டது ‘தீம்’. அவர் யோசித்தது அவள் மணிக்கட்டை. நான் கேள்விப்பட்ட எந்தப் பெரிய நிறுவனத்தின் சேவைப் பிரிவிலும் இந்த யோசனை நடப்பதாகத் தெரியவில்லை. அவளிடம் பேசும்போது இதை விளக்கிக்கொண்டுகூட இருக்கவில்லை. “ஒரு வாரம் சாதகம் பண்ணிட்டு வா, பிடிக்கலேன்னா மாத்திடலாம்” என்று மட்டும் சொன்னார். சரியில்லை என்றால் மறுபடியும் முழு வேலையையும் அவரேதான் செய்தாக வேண்டும். அதற்குத் தனியாகக் கூலி கேட்பதில்லை என்பதைப் பிறகு அந்த மாணவிதான் என்னிடம் சொன்னாள்.

கையை அறிவது என்பதுதான் இந்தத் தொழிலின் உச்சம். ஒருவர் ‘நம்’மை விளிம்பில் கூர்மையாகத் தட்டுவார், அவருக்கு வெட்டுத்தட்டு கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இன்னொருவர் அரைச்சாப்பில் கொஞ்சுவார், அவருக்குக் கரணை ஓரம் இழைந்து முடிய வேண்டும். ‘தொப்பி’ என்கிற இடந்தலையில் கும்கியை அள்ளி வீசுகிறவருக்கு அது நெகிழ்வாக இருக்க வேண்டும். கச்சேரிக்கு முன்னால் தொப்பியில் அப்பும் ரவை வாசிப்பவர் கையில், தொப்பியின் இழுவை செய்பவர் கையில். நல்ல செய்பவர் தன்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கணக்கை மனசில் வைத்திருக்கிறார். நோட்டு கிடையாது, அட்டை கிடையாது. உறைக்குள்ளிருந்து வாத்தியம் வெளியே வந்ததுமே அது யாருடையது, கடைசியாக எப்போது மூட்டு மாற்றியது என்று சொல்லிவிடுவார்.

இந்த உறவுக்குச் சரித்திரத்தில் பெரிய சாட்சி பாலக்காடு மணி ஐயரும் பர்லாந்தும். 1912-இல் பிறந்து 1981-இல் மறைந்த மணி ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்து, தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் குடும்பத்தில் வந்தவர். தோலைத் தேர்வதிலும் கரணை போடுவதிலும் இருவரும் சேர்ந்து ஓயாமல் சோதனை செய்து பார்த்தார்கள். மணி ஐயர் ஒலிபெருக்கியை வெறுத்தவர் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். மைக் வேண்டாம் என்று ஒரு வித்வான் சொல்லும்போது, கடைசி வரிசை வரைக்கும் நாதத்தைக் கொண்டுபோகும் பொறுப்பு அவர் விரலுக்கும் அந்தத் தோலுக்கும் மட்டுமே வந்துசேர்கிறது. மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் பர்லாந்தின் காதுக்கும் கைக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு உண்டு.

சென்னைக்கு வருவோம். இங்கே இந்தத் தொழிலுக்கு முதல் எதிரி பருவம். தோல் வெயிலில் காய வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மூடிக்கொண்டு கொட்டும். சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான் மார்கழிக் கச்சேரிகளுக்காக ஊரிலுள்ள எல்லா மிருதங்கங்களும் பட்டறைக்கு வந்து குவியும். வெயில் இல்லாத நாளில் வேலை கேட்பவர்கள் அதிகம், வெயில் கொளுத்துகிற சித்திரையில் ஆள் வருவது குறைவு. அதனால் தொலைநோக்கு உள்ளவர்கள் கோடையிலேயே தோலைப் பதமாகக் காயவைத்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஈரம் போகாத மூட்டை மார்கழி அவசரத்தில் ஏற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மூட்டு இரண்டாவது கச்சேரியிலேயே இறங்கிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகக் காயாமல் போட்ட கரணை சில நாளில் பொருக்குவிட்டு உதிரும். கூட்டம் சேர்ந்த பட்டறையெல்லாம் நல்ல பட்டறை ஆகிவிடாது. “பொங்கல் கழிச்சு வாங்க, இப்ப போட்டா நிக்காது” என்று சொல்லத் துணிகிற இடம்தான் நல்ல பட்டறை.

அடுத்தது, குளிரூட்டிய அரங்கு. வெளியே டிசம்பர் மாதத்து ஈரக்காற்று. தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு நெகிழும், சுருதி இறங்கும். உள்ளே உலர்ந்த குளிர். தோல் இறுகும், சுருதி ஏறும். மிருதங்கக்காரர் கல்லையும் மரப் புள்ளையும் வைத்துக்கொண்டு, வர்ணத்துக்கும் கிருதிக்கும் நடுவே பின்னலை மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலேயிருந்து தட்டினால் ஏறும், கீழேயிருந்து தட்டினால் இறங்கும். பதினாறு கண்ணிலும் ஒரே சுருதி நின்றாக வேண்டும். மூட்டு ஒழுங்காக ஏற்றப்பட்டிருந்தால் இது நாலு தட்டில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சரிசெய்ய எதிர்ப்பக்கம் ஓடும், கச்சேரி முழுக்க அந்த ஓட்டம்தான். தாமதமின்றிச் சுருதி சேர்த்துவிட்டு ஒரு வித்வான் நிமிர்ந்து உட்காருகிறார் என்றால் பட்டறையில் வாரைப் பிடித்து இழுத்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வாரைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. நனைத்த வாரைக் கண் கண்ணாகக் கோத்து, முழு பலத்தையும் கொடுத்து, ஒரு கண்ணுக்கு ஏறிய இறுக்கம் அடுத்த கண்ணுக்கும் அப்படியே ஏறும்படி இழுத்து வர வேண்டும். இதைச் செய்பவர்களின் உள்ளங்கையைப் பாருங்கள். தோள்பட்டை வலி இல்லாத ஒருவரை நான் சந்தித்ததில்லை.

மார்கழியில் இவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால் சேவை என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும். தியாகராய நகர் வாணி மகாலில் மத்தியானம் ஆண் குரல், தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம். அன்று மாலையே ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவில் பெண் குரல், ஐந்து கட்டைச் சுருதி, அந்த உயரத்துக்கான ஹெச்சு மிருதங்கம். தக்கு வாத்தியம் நீளமும் அகலமும் கூடியது, ஹெச்சு சின்னது. இரண்டில் ஒன்று காலையில் சாதகத்தின்போது சொதப்பும். பத்து மணிக்குத் தொலைபேசி. “அண்ணா, வலந்தலை ஒரு கண்ணுல இறங்கிக்கிட்டே இருக்கு.” “எத்தனை மணிக்குக் கச்சேரி?” “ஆறரை.” “ஆட்டோவுல போட்டு அனுப்புங்க.” ஆட்டோவில் மிருதங்கம் தனியாக வந்து இறங்கும். நாலு மணிக்கு அது திரும்பிப் போகும். சில நாள் அவரே தூக்கிக்கொண்டு சபாவின் பின்கட்டுக்குப் போய், வித்வான் ஜிப்பா மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கடைசித் தட்டு தட்டிக் கொடுத்துவிட்டு வருவார். கச்சேரி கேட்க உட்காருவதில்லை. பட்டறையில் அடுத்த வாத்தியம் காத்துக்கொண்டிருக்கும்.

கருவியைச் செய்தவர்மேல் வைக்கிற இந்த நம்பிக்கையை வேறோர் இடத்திலும் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இப்போது ஸ்கூபா முக்குளிப்புக் கற்றுக்கொள்ளப் போகிற இளைஞர்கள் நிறையப் பேர். முதுகில் காற்று உருளையோடு கடலடிக்கு இறங்குகிறவர், வாயில் கவ்வியிருக்கும் கருவியைச் செய்தவரையும் பழுது பார்த்தவரையும் முழுக்க நம்பித்தான் இறங்குகிறார். இறங்கிய பிறகு திருகாணியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. மேடை ஏறுகிற மிருதங்க வித்வானின் நிலையும் அதுதான். உயிருக்கு ஆபத்தில்லை, உண்மை. ஆனால் பல்லவி எடுப்பில் வலந்தலை கைவிட்டால் அந்த மாலையை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இப்படிப்பட்ட கருவிகளைச் செய்பவர்களுக்கு, எங்கே இருந்தாலும், ஒரே தர்மம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கியவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். “புது மூட்டு வேண்டாம் சார், இது இன்னும் ஆறு மாசம் தாங்கும்” என்று ஒருவர் சொல்லும்போது தன் கைக்கு வர வேண்டிய கூலியைத் தானே தள்ளிப்போடுகிறார். அதை மயிலாப்பூரில் என் காதாரக் கேட்டிருக்கிறேன்.

காலம் மாறிக்கொண்டிருக்கிறது. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் கண்ணாடி இழையால் ஆன மிருதங்கத்தை அறிமுகப்படுத்தினார். தோலைப் பதனிடுவதிலும் ஆராய்ச்சி செய்தார். வாருக்குப் பதிலாக நட்டும் போல்ட்டும் வைத்த மிருதங்கம் வந்து வெகு நாளாகிறது. பெங்களூரில் செயற்கைத் தோலில் செய்த மிருதங்கமும் வந்துவிட்டது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு நட்டு போல்ட் வாத்தியம் பெரிய வசதி. இங்கிருந்து தயார் மூட்டு வரும், ஸ்பானரை எடுத்து அப்பாவே மாட்டிக் கொடுத்துவிடலாம். எனக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. நல்ல வார் பிடித்த வாத்தியத்தின் நாதம் எனக்கு ஒரு படி மேலே கேட்கிறது, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனித்தேன். போல்ட் வைத்த வாத்தியத்துக்கும் கரணை போட ஆள் வேண்டும். நியூஜெர்சியில் இருக்கிற மாணவன் வாட்ஸ்அப்பில் ‘நம்’மையும் ‘தின்’னையும் பதிவு செய்து மயிலாப்பூருக்கு அனுப்புகிறான். பட்டறைக்காரர் கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு, “ரெண்டாவது போல்ட்டைக் கால் சுத்து இறக்கு தம்பி” என்று பதில் அனுப்புகிறார்.

இவ்வளவு பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தோல் அவர்கள் வீட்டுக்குப் பதம் செய்த தோலாக வருவதில்லை, மாட்டின் உடம்பிலிருந்து உரித்ததாக வருகிறது. ரத்தம், உப்பு, நாற்றம், கொழுப்பைச் சுரண்டும் கத்தி, இதெல்லாம் தாண்டித்தான் அது வலந்தலை ஆகிறது. பசுவைத் தெய்வமாகக் கும்பிடுகிற வீட்டின் கூடத்தில் அந்த வாத்தியம் பூஜை அறைக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அதைச் செய்தவர் பல தலைமுறைகளாக வாசலோடு நிறுத்தப்பட்டார். வயதில் மூத்தவரையும் ஒருமையில் கூப்பிடுகிற வழக்கம் இருந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வெளிவந்தது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நடக்கவிருந்த வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. மாட்டுத் தோலைப் பற்றிப் பேசுவதே இவ்வளவு சங்கடமாக இருக்கிறது நமக்கு. அதன் நாதத்தைக் கேட்பதில் சங்கடம் இருந்ததே இல்லை.

பணமும் அப்படித்தான். மேடையில் வாசிக்கிறவர்களின் சன்மானம் ஏறியிருக்கிறது. செய்பவருக்குப் போகிற தொகை அதற்கு ஈடாக ஏறவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், நான் பார்த்த அந்தப் பட்டறைக்காரரின் மகன் பகலில் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு விடுமுறை நாளில்தான் அப்பாவோடு உட்காருகிறான். அவனுக்கும் காது வந்துவிட்டது. அவன் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தங்கினால் கௌரவமாக வாழ முடியும் என்ற நிலையை உண்டாக்குகிற கடமை ரசிகர்களுக்கு இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தது. அந்த அங்கீகாரம் மேடையோடு முடிந்துபோகக் கூடாது.

அடையாறிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குழந்தைகளை மிருதங்க வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோர் ஏராளம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டு மாற்றப் போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரணை போடுவதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். கூலியில் பேரம் பேசாதீர்கள். “மாமா” என்றோ “அண்ணா” என்றோ “ஐயா” என்றோ மரியாதையாகக் கூப்பிடக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். சபாக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. நிகழ்ச்சி நிரலில் ஒலி அமைப்பு யார், மேடை அலங்காரம் யார் என்று அச்சிடுகிறீர்கள். மிருதங்கம் என்ற வரிக்குக் கீழே அதைச் செய்தவர் பெயரையும் இந்த மார்கழியிலிருந்து போடுங்கள். ரசிகர்களும் கச்சேரி முடிந்து வித்வானிடம் போய் “பிரமாதம்” என்று சொல்லும்போது, “வாத்தியம் யார் செஞ்சது சார்?” என்று கூடவே கேளுங்கள். எந்த வித்வானும் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்க மாட்டார்.